செல்லப்பிள்ளை

நெப்ராஸ்காவின் அந்தச் சோளக்காட்டு ஊரில் இருப்பது ஒரே கடை. இரண்டு மாதமாக அங்கே யாரையும் வெர்னா நிம்மதியாகப் பால் வாங்க விடவில்லை. தன் மூத்த மகள் கிரெட்டாவை மட்டும் தலைமையாசிரியை ஹாகன் ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போன கதையை, எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

"பள்ளிக்கூடம் இருக்கிற நாள்ல, அவங்க வண்டியிலேயே. இனிமே எவளாவது என் பொண்ணை மக்குன்னு சொல்லட்டும், பார்க்கலாம்."

"யாரு சொல்லப்போறா?" என்றாள் பக்கத்து வீட்டு டார்லா, முட்டைகளைப் பார்த்தபடி.

சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் விருந்து. மாநிலத் தேர்வில் அவர்கள் பள்ளிதான் மாவட்டத்திலேயே முதலிடம். வெர்னா இரண்டு மகள்களையும் முன்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

ஹாகன் வந்து கிரெட்டாவைக் கட்டிக்கொண்டார். "நாம முதல்ல வந்ததுக்கு இவதான் காரணம்."

வெர்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கேட்டியா டார்லா? கிரெட்டா, அப்படி எவ்வளவு மார்க்குடி வாங்கினே?"

"நான் பரீட்சையே எழுதலையேம்மா. அன்னைக்குத்தானே மீன் பிடிக்கப் போனோம்."

டார்லா உருளைக்கிழங்கு சாலட்டைத் தேவையில்லாமல் கிளறினாள். மற்றவர்களும் தத்தம் தட்டைப் பார்த்தார்கள். யாருக்கும் இது புதிய செய்தி இல்லை.

ஹாகன் மட்டும் சிரிப்பு மாறாமல், அடுத்த வருஷம் பரீட்சை எழுதவேண்டிய சின்ன மகளிடம் குனிந்தார்.

"உனக்கு மீன் பிடிக்கத் தெரியுமா, கண்ணு?"