ஒன்பதாவது விளக்கு

கிழக்கேகோட்டை பஸ்களின் இரைச்சல் ஆஸ்பத்திரி வராந்தாவரை வருகிறது. தோளில் சாய்ந்திருக்கும் கணவரைத் தாங்கியபடி சூடாமணி டோக்கன் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் 258, திரையில் 9. ரிப்பேருக்கு வந்த ஜிபின் ஏணியில் நின்று திரையின் பின்மூடியைக் கழற்றுகிறான். உள்ளே எண்ணைத் தாங்கும் எட்டுச் சிறு விளக்குகளில் இரண்டு மட்டும் எரிகின்றன. “இந்த எட்டு விளக்கை வச்சு 255 வரைதான் எண்ண முடியும், அப்போ எட்டும் எரியும் மாமி. மேல ஒண்ணு கூட்டினா வைக்க ஒன்பதாவது விளக்கு இல்ல. எல்லாம் அணைஞ்சு பூஜ்யத்துல தொடங்கும். உங்க 258 திரையில ரெண்டாட்டு, வெறும் 2-ன்னு வந்துட்டுப் போச்சு.” யாரும் எழுந்து வராததால் நர்ஸ் அடுத்தடுத்து பொத்தானை அழுத்தியிருக்கிறாள். சூடாமணி கணவரின் காதருகே குனிகிறாள். “ஏன்னா, நம்மளைக் கூப்பிட்டாச்சாம். எழுந்திருங்கோ.” அவர் உதட்டில் உட்கார்ந்திருக்கும் ஈ பறக்கவில்லை.