மூன்றாவது சிலிண்டர்

"மாப்பிள்ளை, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது. சரி பண்ணிட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போ."

பூச்சுற்றிய மரக்கட்டையை வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டு நான் இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள் விசிலடித்தார்கள்.

எங்கள் மலைக்கு வெளியூர்க்காரன் பெண்ணெடுக்க வந்தால், ஊர் இளவட்டங்கள் வழிமறித்து ஒரு வேலை வைப்போம். விறகு பிளக்கச் சொல்வோம், அரிவாள் தீட்டச் சொல்வோம். இந்த மாப்பிள்ளை பிளாஷ், தலைநகர் லுப்லியானாவில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன். அவன் விரல்களைப் பார்த்ததுமே, மணப்பெண் யெரிட்சா வீட்டுப் பழைய டிராக்டர்தான் இவனுக்குச் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

உலகப் போர் முடிந்த கையோடு கப்பலில் வந்து இறங்கிய பெட்ரோல் வண்டி. நான்கு சிலிண்டர்.

பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் நான்கும் ஒழுங்காக ஓட வேண்டும். இல்லையென்றால் மணப்பெண்ணைச் சாணி அள்ளும் தள்ளுவண்டியில் உட்கார வைத்து, மாதா கோயில் மேடு வரை மாப்பிள்ளைதான் தள்ள வேண்டும். பக்கத்து ஊரிலிருந்து வந்த ட்ராகோ அப்படித் தள்ளிப் பதினெட்டு வருடம் ஆகிறது. இன்றைக்கும் அவன் பெயர் தள்ளுவண்டி ட்ராகோதான்.

முந்தின நாள் மாலையே நான், சிலிண்டர்களுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உட்பக்கம் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு இழுத்திருந்தேன். அதன் வழியாகக் கரண்ட் கசிந்துவிடும். இரண்டாவது சிலிண்டருக்குத் தீப்பொறி போகாது. ஒரே ஒரு கோளாறு. அதற்கு மேல் வைத்தால் ஏமாற்று வேலை, ஊருக்கே அவமானம்.

கிளப்பியதும் வண்டி நான் நினைத்ததைவிட மோசமாகத் திணறியது. என் கைவண்ணம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

பிளாஷ் தன் கல்யாண மேல்சட்டையைக் கழற்றி லுத்விக்கிடம் கொடுத்தான். லுத்விக் பெண்ணின் அப்பா. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவரும் யெரிட்சாவும் மட்டும்தான் அந்த வீட்டில். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் அவசரப்பட்டார்.

"சீக்கிரம் விடுங்கடா, ஃபாதர் காத்துட்டிருப்பாரு!"

பிளாஷ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பிறகு பியானோவில் கட்டை கட்டையாக அமுக்கிப் பார்ப்பது போல, ஓடுகிற வண்டியில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றப் போனான். முதல் ஒயரைத் தொட்டதும் ஷாக் அடித்துத் துள்ளினான்.

"பியானோ இல்ல மாப்பிள்ளை, இது கடிக்கும்!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபடி இழுத்தான். வண்டி நின்றுவிடப் பார்த்தது, சட்டென்று மாட்டினான். இரண்டாவதை இழுத்தான். சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இவன்தான் வேலை செய்யாம நிக்கிறான்," என்றான்.

வண்டியை நிறுத்தினான். அந்த ஒயரின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு மூடிக்கு வந்து, அதைத் திறந்து வெளிச்சத்தில் திருப்பினான். என் கோடு அகப்பட்டுவிட்டது. அழுத்தித் துடைத்தான்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மறுபடி கிளப்பினான். வண்டி இன்னும் மிஸ்ஸிங் அடித்தது.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"சத்தியமா ஒண்ணுதான் வச்சேன்," என்றேன். யாரும் நம்பவில்லை. ட்ராகோ மட்டும் சந்தோஷமாகத் தள்ளுவண்டியைத் துடைக்க ஆரம்பித்தான். பட்டப்பெயரை இன்னொருவன் தலையில் கட்டும் ஆசை அவனுக்கு.

பிளாஷ் மூன்றாவது ஒயரை இழுத்தான். மாற்றம் இல்லை. ஒயரின் முனைத் தொப்பிக்குள்ளிருந்து, மடித்து மடித்துத் திணித்த ஒரு காகிதம் அவன் கையில் விழுந்தது.

பிரித்துப் பார்த்தான். லுத்விக் பக்கம் ஒரு முறை திரும்பினான். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"ஈரம்," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஈரம் இறங்கியிருக்கு. வேற ஒண்ணுமில்ல."

மழை பெய்து மூன்று வாரமாகிறது. டவுன்காரனுக்கு என்ன தெரியும் என்று சிரித்தார்கள். ஒயரை மாட்டியதும் நான்கும் சீராக ஓடின, மணியும் அடித்தது. ட்ராகோவின் முகம் தொங்கிப்போனது.

பிளாஷ் மேல்சட்டையை வாங்கப் போனான். லுத்விக் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அவன் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

"மாமா, நீங்களே ஓட்டுங்க. எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது."

யெரிட்சா வெள்ளை உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் மட்கார்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். லுத்விக் முதல் கியர் போட்டார். மேடு முழுக்க முதல் கியர். சமதரை வந்த பிறகும் முதல் கியர். பாதிரியார் பொறுக்க மாட்டாமல் தெருவுக்கே இறங்கி வந்துவிட்டார்.

"ரெண்டாவது கியர்னு ஒண்ணு இருக்கு, லுத்விக் மாமா!" என்று பின்னால் நடந்து வந்த கூட்டம் கத்தியது.

நான் கத்தவில்லை. பிளாஷ் காகிதத்தைப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவன் நான். அது லுத்விக் வீட்டுச் சமையலறையில் தொங்கும் நாட்காட்டியின் தாள். தினமும் காலையில் எழுந்ததும் அதைக் கிழிப்பவர் அவர்தான். மகளைக்கூடத் தொட விடமாட்டார்.

தாளில் பெரிய எழுத்தில் இருந்தது அன்றைய தேதி.