கருப்புப் பெட்டியின் ரகசியம்

மெக்கானிக் செல்லக்கனியின் கடைக்கு, ஒரே இடியில் அடிபட்ட இரண்டு செட்டாப் பாக்ஸ்கள் வந்தன. சாம்பல் பெட்டியின் தொழில்நுட்ப விவரமெல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடந்தது. அதைப் போனில் பார்த்துப் பார்த்தே அவள் சரிசெய்ய, டிவியில் படம் வந்தது. சீல் வைத்த கருப்புப் பெட்டிக்கு அப்படி எந்த விவரமும் கிடைக்காததால், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். அதற்கு வயிறு எரிந்தது.

"ஜாதகத்தை ஊர் பூரா கொடுத்துட்டு நிக்கிறியே, வெட்கமா இல்ல? என் ரகசியம் கம்பெனியைத் தாண்டாது" என்றது.

"கம்பெனியைத்தான் மூடிட்டாங்களே. உள்ளே என்ன இருக்குன்னு நீயே சொல்லிடு அண்ணே, அந்தம்மா சரி பண்ணிடுவாங்க" என்றது சாம்பல் பெட்டி.

கருப்புப் பெட்டிக்கும் ஆசைதான். சொல்ல வாயெடுத்தது. அப்போதுதான் உறைத்தது: அந்த ரகசியத்தை அதனிடமும் யாரும் சொல்லியிருக்கவில்லை.