உடைப்பில் விழுந்த ஒரு வண்டி மண்

மழை விட்ட காலை வெளிச்சத்தில் வாய்க்கால் உடைப்பு இரைகிறது. கீழே, நில உச்சவரம்புச் சட்டத்தில் இந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த நிலம். நாற்று நட்டு மூன்றே நாள். பெண்கள் கூடை கூடையாகக் கொட்டும் மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு தண்ணீர் வயலுக்குள் பாய்கிறது. டிராக்டர் இழுத்துவந்த, மண் நிறைந்த டிப்பர் உடைப்பை ஒட்டி நிற்கிறது. அதைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப்பு திருவாரூரிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறது. மருதையன் சேற்றில் மண்டியிட்டு, டிராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும், இன்ஜினோடு சுழலும் பி.டி.ஓ. தண்டின் பற்களில் அதைச் செருகித் தள்ளுகிறான். கிரீஸ் பிதுங்க, டக்கென்று உட்காருகிறது. போல்ட்டை முறுக்கிவிட்டு, "சங்கிலியை மாட்டு. இல்லேன்னா தண்டோட சேந்து பம்ப்பும் சுத்தி எண்ணெய் ஓஸ் குழாயைப் பிச்சுப்புடும்" என்கிறான். அவன் மனைவி பொன்னுத்தாய் பம்ப்பை டிராக்டரின் சட்டத்தோடு சங்கிலியால் பிணைத்து, காலை ஊன்றி இழுத்துப் பார்க்கிறாள். "அசையல. ஏறுங்க!" மருதையன் ஏறி முடுக்க, இன்ஜின் உறுமுகிறது. சங்கிலி விறைக்கிறது, பம்ப்பு நகரவில்லை. டிப்பரின் முன்பக்கம் மெல்ல எழ, பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். ஒரு வண்டி மண்ணும் ஒரேயடியாகச் சரிகிறது. இரைச்சல் அடங்குகிறது. தண்ணீர் ஒரு கணம் தயங்கி, சுழித்து, வாய்க்காலோடு திரும்புகிறது. "நின்னுடுச்சுடி அம்சம்!" பொன்னுத்தாய் பக்கத்தில் நின்றவளைச் சேற்றுக் கையோடு கட்டிக்கொள்கிறாள். இருவரும் சிரிக்கிற சத்தம் இன்ஜினையும் மீறிக் கேட்கிறது.