கொள்கைரீதியாக ஒரு காவல்

கருவேல மரத்துக் கூட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த மணிப்புறாவுக்குப் பசி காதை அடைத்தது. அந்த நேரம் பார்த்து அண்டங்காக்கை ஒன்று எதிர்க் கிளையில் வந்து உட்கார்ந்தது.

"போய் இரை பொறுக்கிக்கொண்டு வா, தங்கச்சி. கூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். கொள்கைரீதியாக நான் இப்போது முட்டை தின்பதில்லை."

புறாவுக்கு அந்த ஒரு சொல் மட்டும் தொண்டையில் முள்ளாய்ச் சிக்கியது.

"முட்டை தின்பதில்லை என்றாலே புரிந்திருக்குமே அண்ணே. கொள்கைரீதியாக என்று ஏன் சேர்த்தீர்கள்?"

"மனசளவில் தின்பதில்லை என்று அர்த்தம்."

"அப்போ வயிற்றளவில்?"

காக்கையின் பார்வை புறாவின் வயிற்றடியில் தெரிந்த வெள்ளை முட்டைகளுக்குப் போய்த் திரும்பியது.

புறா இன்னும் தாழ உட்கார்ந்து முட்டைகளை மூடிக்கொண்டது.

"என் பசியை நான் பொறுத்துக்கொள்கிறேன் அண்ணே. உங்கள் பசியை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்."