கோடு தெரியல!

"டிராக்டருக்கு எதுக்கு எல்.இ.டி? பழைய பல்பே போதும்!" என்று அடம்பிடித்தார் கணவர்.

"மஞ்ச வெளிச்சத்துல கோடே தெரியல. தினமும் உங்களோட மல்லுக்கட்ட முடியாது. தம்பி, நீங்க நாலையும் மாட்டுங்க" என்றாள் மனைவி.

எலக்ட்ரீஷியன் மாட்டினார். பொழுது சாய்ந்ததும் அவள் டிராக்டரை ஓட்டிப்போய்க் காலி மனையோரம் நிறுத்தி, விளக்குகளைப் போட்டாள்.

கூடவே வந்த எலக்ட்ரீஷியன், "உழவை ஆரம்பிக்கலையாக்கா?" என்று கேட்டார்.

"உழவு போன வாரமே முடிஞ்சாச்சே!"

எதிரே வாலிபால் வலை. ஒரு பக்கம் ஆறு மனைவிகள். மறுபக்கம் அவரவர் கணவர்கள்.

கடைசிப் பாயின்ட். அவள் கணவர் அடித்த பந்து சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"உள்ளே!" என்று பழக்கதோஷத்தில் கத்தினார். அவர் அணியினரே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சரி... வெளியேதான்" என்றார்.

மனைவிகள் முதல்முறையாக ஜெயித்தார்கள்.