அந்த ஹோட்டல் வேண்டாம்

"அது வேண்டாம்" என்றார் என் கணவர்.

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. திரைச்சீலைக்கு எந்த நிறம், பிள்ளைக்கு எந்தப் பள்ளி, இரவுக்கு என்ன சமையல், எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பார். விளக்குக் கடை வைத்திருக்கிறார். வாங்க வருகிறவர்களிடமும் இதையேதான் சொல்வார் என்று எனக்குச் சந்தேகம்.

நான் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். அடுத்த மாதம் எங்கள் துறைக்காரர்களின் மாநாடு, வேறு நகரத்தில். தங்குவதற்கு இரண்டு ஹோட்டல்களைச் சொல்லியிருந்தார்கள்.

ஒன்று மாநாட்டு மண்டபத்தை ஒட்டியே இருந்தது. எங்கு பார்த்தாலும் கண்ணாடி. காலைச் சாப்பாட்டுக்கு இறங்கினாலே நாலு பேராசிரியர்கள் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள்.

இன்னொன்று கொஞ்சம் தள்ளி, ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில். சின்ன ஹோட்டல். ஜன்னலைத் திறக்க முடியும். எனக்கு அது போதும்.

"ஏன் வேண்டாம்?"

"தண்ணி சரியா வராது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நீ அந்தக் கண்ணாடி ஹோட்டல்லயே போடு."

"நீங்க எப்ப அங்க போய்த் தங்கினீங்க?"

"யாரோ சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே மடித்து வைத்த துணி அது.

எனக்குச் சுருக்கென்றது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று பேர் வாங்கிய ஆள்தான். ஆனால் கடைக்குச் சரக்கு எடுக்க என்று மாதாமாதம் அந்த நகரத்துக்குத்தான் போய்வந்துகொண்டிருந்தார். எந்த மனைவிக்கும் என்ன தோன்றுமோ அதுதான் எனக்கும் தோன்றியது.

என் ஃபோனில் சார்ஜ் இல்லை. மேஜைமேல் இருந்த அவருடைய ஃபோனை எடுத்து, அந்த ஹோட்டலுக்கு நானே போட்டேன். அவர் வாங்கக் கையை நீட்டினார். நான் நகர்ந்துகொண்டு ஸ்பீக்கரையும் தட்டிவிட்டேன். இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று இருந்தேன்.

எடுத்தது ஒரு பெண். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"சார், நல்லா இருக்கீங்களா? நம்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. ரொம்ப நாளா ஆளையே காணோமே. உங்க மாமனாருக்கு எப்படி இருக்கு? எதிர்ல ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துறதெல்லாம் முடிஞ்சுதா?"

தூக்கிவாரிப் போட்டது. எவளோ ஒருத்தியின் பெயர் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வந்தது என் அப்பா.

அந்த ஆஸ்பத்திரியை எனக்குத் தெரியாதா? அங்கே புற்றுநோயைத் தவிர வேறெதற்கும் வைத்தியம் பார்ப்பதில்லை.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன், சொன்னேனா என்பதே நினைவில்லை. ஃபோன் மேஜைமேல் இருந்தது.

அப்பா எங்களோடுதான் இருந்தார். போன வருடம் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது, கொடுத்துவைத்தவர் என்று எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். டாக்டர் மகளே சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவார்கள்? அதற்கு முன் ஒரு வருடமாக, சரக்கு எடுக்கப் போகும் மாப்பிள்ளைக்குத் துணை என்று அவரும் கூடவே கிளம்பிவிடுவார். மாமனாரும் மருமகனும் ஊர் சுற்ற ஒரு சாக்கு என்று கிண்டல் செய்வேன். இளைத்திருக்கிறீர்களே என்று கேட்டதற்கு, தினம் நடக்கிறேன் இல்லையா என்றார். அதையும் நம்பினேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "தினமும் அதைத்தானே பார்க்கிறேன் நான்?"

அவர் துணியைக் கீழே வைத்தார்.

"அதனாலதான். ஸ்கேனைப் பார்த்தா இன்னும் எத்தனை மாசம்னு உனக்குத் தெரிஞ்சிடும்னு மாமா சொன்னார். தெரிஞ்சுட்டா அப்புறம் அவ என்கூடச் சண்டை போட மாட்டா மாப்பிள்ளை, பாவம்னு பார்ப்பா, அது மட்டும் வேண்டாம்னு சத்தியம் வாங்கிட்டார்."

சண்டைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. காப்பியில் சர்க்கரை, டிவி சத்தம், ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவது என்று அந்த வருடம் முழுக்க எலியும் பூனையுமாகத்தான் இருந்தோம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கடைசியாக ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூட என்னை விடவில்லையே என்று இரண்டு பேர்மேலும் ஆத்திரமாக வந்தது. செத்துப்போனவர்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அப்போதுதான் அந்த மொட்டை நினைவுக்கு வந்தது.

ஒருதடவை அந்த நகரத்திலிருந்து திரும்பியபோது, இரண்டு பேரும் மொட்டைத் தலையோடு வாசலில் வந்து நின்றார்கள். ஏதோ மேட்ச்சுக்குப் பந்தயம் கட்டி, இரண்டு பேரும் தோற்றுவிட்டார்களாம். எனக்கு வந்ததே கோபம். வயதான காலத்தில் என்ன விளையாட்டு, நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள், இவருக்குத்தான் புத்தியில்லை என்றால் உங்களுக்குமா என்று, உள்ளேகூட விடாமல் வாங்கு வாங்கென்று வாங்கினேன். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்பா குனியவில்லை. மொட்டையைத் தடவிக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அவ்வளவுதானா?" என்றார்.